எண்ணெய்த் தூக்கைத் திறந்து பாருங்கள்

வாசகியின் கடிதம்:

"எனக்கு வயது 46. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு 52, மாமியாருக்கு 74, மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பத்தாம் வகுப்பு. நாங்கள் சைவம். கணவர் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. சென்ற மாதம் இரத்தப் பரிசோதனையில் அவருக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 158 என்று வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். ரீஃபைண்ட் எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் காரணம், செக்கு எண்ணெய்க்கு மாறு, 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்கிறார் மாமியார். மகள் ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்கிறாள். கடைப் பலகாரம் கெடுதல் என்று முறுக்கு, சேவு, வடை எல்லாவற்றையும் நான் வீட்டிலேயே செய்கிறேன். மாதம் சூரியகாந்தி எண்ணெய் நான்கு லிட்டர், தேங்காய் எண்ணெய் ஒன்று, நல்லெண்ணெய் ஒன்று, ரேஷன் பாமாயில் ஒன்று, நெய் அரைக் கிலோ ஆகிறது. பொரித்த எண்ணெயை வடிகட்டித் தூக்கில் ஊற்றி வைத்து, தாளிக்கவும் அடுத்த முறை பொரிக்கவும் எடுத்துக்கொள்வேன், வீணாக்குவதில்லை. எந்த எண்ணெய்க்கு மாறினால் நல்லது? மாறிவிட்டால் மாத்திரை தேவைப்படாது அல்லவா?"

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். எண்ணெயை மாற்றினால் கெட்ட கொழுப்பு கொஞ்சம் இறங்கும்; 158 என்பது எண்ணெய் மாற்றத்தால் மட்டும் இறங்கி நிற்கிற எண் இல்லை. அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அடுத்த பரிசோதனைக்குப் பிறகு அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். அடுப்படியில் நாம் செய்வது மாத்திரைக்குத் துணை நிற்கிற வேலை, அதற்குப் பதிலாக அல்ல.

லிட்டர் கணக்கை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நன்றி. பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு ஆண்டுகளாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் "எங்கள் வீட்டில் எண்ணெயே சேர்ப்பதில்லை டாக்டர்" என்றுதான் தொடங்குவார்கள். நான் டாக்டர் இல்லை என்றாலும் விடமாட்டார்கள். மளிகைச் சீட்டைக் கொண்டு வரச் சொன்னால் அடுத்த முறை மறந்துவிட்டு வருவார்கள்.

உங்கள் சீட்டைக் கூட்டிப் பார்த்தேன். எண்ணெய் ஏழு லிட்டர். லிட்டருக்கு ஏறக்குறைய 910 கிராம் என்றால் 6.4 கிலோ. நெய்யைச் சேர்த்தால் 6.9 கிலோ. ஐந்து பேருக்கு, முப்பது நாளுக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குத் தினம் 46 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, உட்கார்ந்த வேலை செய்கிற ஆணுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து நாளொன்றுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம். ஓரளவு உடலுழைப்பு இருந்தால் இரண்டிலும் ஐந்து கிராம் கூட்டிக்கொள்ளலாம். வளருகிற பையனுக்கு மட்டும் தாராளம், 45 கிராம் வரை போகலாம். இப்படி உங்கள் ஐவருக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் நாளுக்கு 135 கிராம், மாதத்துக்கு நான்கு கிலோ வருகிறது. நீங்கள் ஏழு கிலோவில் நிற்கிறீர்கள்.

எந்த எண்ணெய் என்று வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறீர்கள். எவ்வளவு எண்ணெய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாகைச் செக்கில் ஆட்டியதானாலும் ஆலையில் சுத்திகரித்ததானாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

உங்கள் அத்தை சொல்கிற பழமொழியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் செக்காட்டி எண்ணெய் விற்ற வாணியனுக்குக் கொடுத்த காசு முழுவதும் வயிற்றுக்குள் போகவில்லை. கல்லிடைக்குறிச்சியில் இருந்த என் ஆச்சி வீட்டில் நல்லெண்ணெய் உழக்குக் கணக்கில்தான் வரும். சனிக்கிழமை ஆண்கள் தலைக்கு, வெள்ளிக்கிழமை பெண்கள் தலைக்கு, அன்றாடம் விளக்குக்கு, மிச்சம் சமையலுக்கு. தோசைக்கல்லில் ஆச்சி எண்ணெயை ஊற்றிப் பார்த்ததே இல்லை. கத்தரிக்காய்க் காம்பையோ பாதி வெங்காயத்தையோ எண்ணெய்க் கிண்ணத்தில் தொட்டுக் கல்லில் ஒரு சுற்றுச் சுற்றுவார். அதோடு சரி. தோசை முறுகலாகவே வரும். இன்று தலைக்கு எண்ணெய் வைக்கவே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், விளக்குக்குத் தனி எண்ணெய் வந்துவிட்டது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கே நினைவு வரும்.

நம் நெல்லைச் சீமைச் சமையலில் கணக்கில் வராத கொழுப்பு ஒன்றும் உண்டு. தேங்காய். குழம்புக்கு அரைக்கிறோம், பொரியலில் தூவுகிறோம், துவையல், அவியல், சொதி என்றால் கேட்கவே வேண்டாம். தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. முழுத் தேங்காய்ப் பாலில் சொதி வைத்த நாளில் தாளிக்க ஒரு சிறு கரண்டி எண்ணெய் போதும்.

இனி அந்தத் தூக்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கண் அங்கேதான் நின்றது.

தயவுசெய்து எழுந்து போய் அதைத் திறந்து பாருங்கள். எண்ணெய் என்ன நிறத்தில் இருக்கிறது? கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் புது எண்ணெய் போலச் சடசடவென்று விழாது, தயங்கித் தயங்கி விழும். தூக்கின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவுங்கள். பலா மரப் பிசின் போல் ஒட்டும். சீயக்காய் போட்டாலும் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. பலமுறை காய்ந்து காய்ந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட பொருள் அது. அதில் கொஞ்சம் விளிம்பில் ஒட்டியிருக்கிறது, மீதி எண்ணெயோடு கலந்து உங்கள் வீட்டுத் தாளிப்பில் போய்க்கொண்டிருக்கிறது.

எண்ணெயைப் பொரிக்கும் சூட்டுக்குக் கொண்டுபோகும்போது மாவின் ஈரமும் காற்றும் சூடும் சேர்ந்து அதை உடைக்கின்றன. அடியில் தங்கிக் கருகுகிற மாவுத் துகள் இன்னும் விரைவுபடுத்துகிறது. இப்படி உடைந்து உண்டாகும் பொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. 2018 ஜூலை முதல் அது நடப்பில் இருக்கிறது. உணவகங்களைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. எண்ணெயில் முக்கினால் எண்ணைக் காட்டிவிடும். வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கண்ணும் மூக்கும்தான் கருவி. நிறம் கறுத்தது, கெட்டியானது, பலகாரம் போட்டதும் நுரை பொங்கி அடங்க மறுப்பது, அடுப்பில் வைத்த சற்று நேரத்திலேயே புகைவது, காறல் வாடை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்தது.

உங்கள் வழக்கத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தூக்கு ஒருநாளும் முழுக்கக் காலியாவதில்லை. பழையது கொஞ்சம் இருக்கும்போதே புதியதை வடிகட்டி ஊற்றுகிறீர்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் அது. கெட்டுப்போன எண்ணெயில் தொடங்கிவிட்ட மாற்றம் நல்ல எண்ணெயையும் தொற்றிக்கொள்ளும். மேலும் நீங்கள் அதிகம் வாங்குவது சூரியகாந்தி எண்ணெய். வாங்கிய நாளில் அது குறைசொல்ல முடியாத எண்ணெய். இரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு என்கிற வகை; அது இதில் பத்தில் ஒரு பங்குதான். கெட்ட கொழுப்பை ஏற்றுகிற எண்ணெய் அது இல்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் இருப்பது பல்நிறைவுறாக் கொழுப்பு. சூட்டில் சீக்கிரம் உடைகிற வகை அதுதான். பச்சையாக இருக்கும்போது நல்ல பிள்ளை. மூன்றாம் முறை சட்டியில் காயும்போது கதை வேறு.

கடைப் பலகாரத்துக்கு அஞ்சி வீட்டில் செய்கிறீர்கள். அந்தக் கடைக்காரர் செய்வதாக நீங்கள் பயப்படுகிற அதே வேலை உங்கள் அடுப்படியிலும் நடக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டிலும் ஒரு தூக்கு இருந்தது. எண்ணெயைக் கீழே ஊற்ற மனம் வராத வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

மனம் வராததற்கு வழி, முதலிலேயே குறைவாக ஊற்றுவது. அகலமான சட்டியில் முக்கால் லிட்டர் ஊற்றினால் பலகாரம் முடிந்ததும் அரை லிட்டர் மிஞ்சும், அதைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. சிறிய, குழிவான இரும்புச் சட்டி ஒன்று வாங்குங்கள். கால் லிட்டர் போதும், வடையை நான்கு நான்காகப் போட்டு எடுக்கலாம். நேரம் கூடுதலாகும்தான். மிஞ்சுகிற சில கரண்டி எண்ணெயை வடிகட்டித் தனிக் கிண்ணத்தில் வைத்து இரண்டு நாளுக்குள் தாளிப்பிலோ கூட்டுக்கோ தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம், புது எண்ணெயோடு சேர்க்கவும் வேண்டாம். கறுத்துப்போனதை அங்கணத்தில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவிட்டுக் குப்பையில் சேர்த்துவிடலாம்.

பொரிக்கும்போது துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். எண்ணெய் புகையக் கூடாது. காயாத எண்ணெயில் போட்ட வடை அடியில் கிடந்து எண்ணெயைக் குடிக்கும். முறுக்கு மாவில் வெண்ணெயும் காய்ந்த எண்ணெயும் அள்ளிப் போட்டால் கரகரப்பு வரும், எண்ணெய் குடிப்பதும் கூடும். ஒரு கிலோ மாவுக்கு இப்போது போடுவதில் பாதி போட்டுப் பாருங்கள். உங்கள் மகன் வித்தியாசம் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்தது செக்கா, ரீஃபைண்டா என்ற வழக்கு.

ரீஃபைண்ட் எண்ணெயைப் பற்றிக் கைபேசியில் சுற்றுகிற செய்திகளை நானும் பார்க்கிறேன். பெட்ரோல் கலக்கிறார்கள், பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று. நடப்பது இதுதான். விதையைப் பிழிந்த பிறகு புண்ணாக்கில் தங்கும் எண்ணெயை ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு பிரிக்கிறார்கள். அது பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பதுதான். பிறகு சூடாக்கி அதை ஆவியாக்கி எடுத்துவிடுகிறார்கள். அடுத்து பசை நீக்கி, சோடாக் காரம் சேர்த்து அமிலம் நீக்கி, ஒருவகை மண்ணில் வடித்து நிறம் நீக்கி, கடைசியில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி வாடை நீக்குகிறார்கள். இதில் விதையின் மணம், நிறம், வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதி போய்விடும். அதே வேளையில் விதையோடு வந்த வேண்டாத சிலவும் போகின்றன. மொத்தத்தில் அது மணமிழந்த எண்ணெய். விஷம் என்று சொல்ல மாட்டேன்.

செக்கு எண்ணெயில் மணம் இருக்கிறது. நல்லெண்ணெய்க்கு என் ஓட்டு எப்போதும் உண்டு. எள்ளின் நெய்தானே எண்ணெய். மற்றவை எல்லாம் அதன் பெயரைக் கடன் வாங்கியவை. எள்ளுக்கே உரிய செசமின், செசமோலின் என்ற பொருள்கள் அதில் இருப்பதால் தாமதமாகவே காறும். கொழுப்பின் சேர்க்கையும் நல்லது. நிறைவுற்றது சுமார் 15 சதவீதம், மீதி கெட்ட கொழுப்பை ஏற்றாத இரண்டு வகை, ஒற்றை நிறைவுறாததும் பல்நிறைவுறாததும் ஏறக்குறைய சரிபாதி. இட்லிக்கு மிளகாய்ப் பொடி, புளிமிளகாய், வத்தக்குழம்பு, உளுந்தங்களி எல்லாவற்றுக்கும் அதுதான் பொருத்தம். மணம் தூக்கலாக இருப்பதால் குறைவாக ஊற்றினாலே நாக்கு திருப்திப்படும். எனக்கு அதில் பிடித்த குணம் இதுவே. எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவதைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை நோயாளிகள் என்னிடம் பயந்து கேட்பார்கள். எள் திரண்டு இறுகி எண்ணெய் பிரிவதற்காகப் போடுவது அது. இனிப்பு எண்ணெயில் கரையாது, புண்ணாக்கோடு போய்விடும். மாட்டுக்குத்தான் அந்த யோகம்.

கடலை எண்ணெயில் மட்டும் செக்கு என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். நிலக்கடலையில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அதில் ஒருவகை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நஞ்சு அது. சமையல் சூட்டில் அழியாது. ஆலைச் சுத்திகரிப்பில் காரம் சேர்க்கும் கட்டத்தில் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அந்தக் கட்டமே இல்லை, பருப்பில் இருந்ததில் ஒரு பங்கு எண்ணெயிலும் வரும். ஒருமுறை ஒரு செக்கடியில் எண்ணெய் வாங்க நின்றபோது ஓரத்தில் கிடந்த மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி கடலை எடுத்தேன். கையில் வந்ததில் பாதி சுருங்கியவை, சிலவற்றின் முனையில் பச்சையும் கறுப்புமாகப் பொடி. ஒன்றை உடைத்து முகர்ந்தால் மழைக்கால அலமாரி வாடை. "ஆட்டிவிட்டால் எல்லாம் ஒன்றுதான் அக்கா" என்றார் அங்கிருந்தவர். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். உங்கள் ஊரில் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கிற செக்கு இருந்தால், கடலையை நீங்களே வாங்கி வெயிலில் நன்றாகக் காயவைத்து, சொத்தை, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் முறத்தில் பொறுக்கித் தள்ளிவிட்டுக் கொண்டுபோங்கள். அந்தப் பாடு முடியாது என்றால், பொரிக்கவும் தாளிக்கவும் பொட்டலத்தில் வருகிற ரீஃபைண்ட் கடலை எண்ணெயே போதும். அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

விலையையும் பாருங்கள். செக்கில் எள்ளின் எடையில் சுமார் 40 சதவீதம்தான் எண்ணெயாக வரும். ஒரு லிட்டருக்கு இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ எள் வேண்டும். எள் கிலோ 150 ரூபாய் விற்கிற நாளில் எள்ளுக்கே 335 ரூபாய்க்கு மேல் ஆகிறது. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் ஆட்டுகூலி, புட்டி, லாபம் எல்லாம் அதன்மேல் ஏற வேண்டும். அன்று ஒருவர் 220 ரூபாய்க்குச் சுத்தமான செக்கு நல்லெண்ணெய் என்று கொடுத்தால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. எனக்கே நடந்தது. சாலையோரம் மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு லிட்டர் வாங்கி வந்தேன். மணம் இருந்தது, நிறமும் சரி. சந்தேகம் போகாமல் ஒரு சிறு புட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலையில் அடிப்பாதி நெய் போல உறைந்து நின்றது. நல்லெண்ணெய் அந்தக் குளிருக்கு உறையாது. பாமாயில் உறையும். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடில்லை என்றாலும், அந்தக் கடைப் பக்கம் பிறகு நான் போகவில்லை.

நல்லெண்ணெய்க்கு வேறு ஒரு பெருமையும் உண்டு. நெய்யில் வனஸ்பதி கலப்பதைப் பிடிக்க, வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் நெடுங்காலம் விதி இருந்தது. சர்க்கரையும் அமிலமும் சேர்த்துக் குலுக்கினால் நல்லெண்ணெய் இருக்கும் இடம் சிவக்கும். நெய் சிவந்தால் கலப்படக்காரர் மாட்டிக்கொண்டார். எண்ணெய்க்குள் ஒற்றனாக இருந்த எண்ணெய் இது ஒன்றுதான்.

கடையில் வாங்கும்போது, தீப எண்ணெய் என்று எழுதிய புட்டியைச் சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள். படமும் நிறமும் ஒன்றுபோலவே இருக்கும், அது உண்ணத் தகுந்ததல்ல. கண்ணாடி போடாமல் கடைக்குப் போகிற பெரியவர்கள் வீட்டில் இந்தத் தவறு நடந்திருக்கிறது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்ற வரிக்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம். விதையிலிருந்து எடுக்கிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது.

உங்கள் கணவருக்கு நான் உண்மையில் மாற்றச் சொல்வது தேங்காய் எண்ணெயைத்தான். இதை எழுதும்போதே தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து வாசகர்கள் என்னைத் திட்டுவது காதில் விழுகிறது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுப் புட்டிகளை வரிசையாகப் பாருங்கள், எது முதலில் வெள்ளையாக உறைகிறதோ அதில்தான் அந்தக் கொழுப்பு அதிகம். 16 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2020-இல் வெளியான ஒரு தொகுப்பில், மற்றத் தாவர எண்ணெய்களுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சராசரியாக 10 புள்ளி ஏறியிருந்தது. நல்ல கொழுப்பும் 4 புள்ளி ஏறியது. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரம் செய்கிறார்கள். அவியலை இறக்கியதும் மேலே பச்சையாக ஊற்றுகிற ஒரு கரண்டியை நான் தடுக்கமாட்டேன்; அது இல்லாவிட்டால் அவியல் இல்லை. அதற்கு மாதம் 200 மில்லி போதும். தாளிப்பிலும் பொரிப்பிலும் வேண்டாம்.

நியாய விலைக் கடைப் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய பாதி. இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு லிட்டர் எண்ணெய் வேறு எங்கும் கிடைக்காது. அதை நம்பிச் சமைக்கிற வீடுகளை நான் கண்டிக்கமாட்டேன்; அவர்களிடம் அளவைக் குறைக்கத்தான் சொல்வேன். உங்களுக்கு வேறு வாங்க வசதி இருக்கிறது, கணவருக்கு 158 இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

ஆலிவ் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் அதில் இருக்கிற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு கடலை எண்ணெயிலும் இருக்கிறது, அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். அந்த விலையைக் கொடுத்து, கடுகு வெடிக்கிற சூட்டில் அதன் மணத்தைக் கருக்குவது எனக்குப் பொறுக்காது. மகளுக்கு ஆசை என்றால் சின்னப் புட்டி ஒன்று வாங்கி வெள்ளரிக்காய், தக்காளிமேல் விட்டுக்கொள்ளட்டும்.

தவிட்டு எண்ணெய் பொரிப்பதற்கு ஏற்றது. சூட்டை நன்றாகத் தாங்கும், ஒரிசனால் என்ற பொருள் கூடுதல். மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918-இல் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு அறையில் தொடங்கியதுதான். அரிசியைத் தீட்டித் தீட்டித் தவிட்டை நீக்கியதால் வந்த நோய் அது. அந்தத் தவிட்டின் எண்ணெயை இன்று புட்டியில் வாங்குகிறோம்.

இனி உங்கள் வீட்டுச் சீட்டு. கடலை எண்ணெய் இரண்டு லிட்டர், நல்லெண்ணெய் ஒன்று, பொரிக்கத் தவிட்டு எண்ணெய் அரை லிட்டர், அவியலுக்குத் தேங்காய் எண்ணெய் 200 மில்லி, நெய் 200 கிராம். கூட்டினால் 3.6 கிலோ. மகன் உறவினர் வீட்டில் சாப்பிடுவதற்கும் கணவர் கடையில் தேநீரோடு ஒரு வடை தின்பதற்கும் இடம் விட்டிருக்கிறேன். தின்பார் என்று எனக்குத் தெரியும். சூரியகாந்தி எண்ணெயே பிடிக்கும் என்றால் கடலை எண்ணெயில் ஒரு லிட்டருக்குப் பதிலாக வாங்கித் தாளிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரே புட்டியில் கலக்க வேண்டாம், பண்டத்துக்குத் தக்கபடி மாற்றிப் புழங்குங்கள்.

இந்தச் சீட்டு முதல் வாரத்திலேயே தடுமாறும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரத்துக்கு உரிய 850 மில்லியை அளந்து தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பரணில் ஏற்றிவிடுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டால் வெள்ளி, சனிக்கு இட்லி, ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை, ரசம், சுட்ட அப்பளம். குழிக்கரண்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத் தேக்கரண்டியில் ஊற்றுங்கள். முதல் மாதம் அத்தைக்குக் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்காதது குறையாகத் தெரியும். இரண்டாம் மாதத்தில் அந்தப் பேச்சு நின்றுவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சைவம் என்பதால் மீனில் கிடைக்கிற ஒமேகா-3 என்ற கொழுப்பு வகை உங்களுக்கு வராது. அதே இனத்துக் கொழுப்பு ஆளி விதையில் உண்டு; அதை வறுத்து மிளகாய்ப் பொடியோடு சேர்த்துத் திரித்துக்கொள்ளுங்கள், கால் கிலோ பொடிக்கு இரண்டு மூன்று கரண்டி. யாருக்கும் தெரியாது. செக்கு எண்ணெயை வாங்கியதும் இரண்டு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடியில் தங்கும் கசடை நீக்கிவிட்டு எவர்சில்வர் பாத்திரத்திலோ நிறக் கண்ணாடிப் புட்டியிலோ மூடி வையுங்கள். அடுப்பை ஒட்டிய திண்டில் வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் எண்ணெயைச் சீக்கிரம் காறவைக்கும்.

உங்கள் தூக்கு பித்தளையா, எவர்சில்வரா என்று எழுதவில்லை. எதுவானாலும் இன்று அதைக் காலி செய்யுங்கள். கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடா போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தால் விளிம்பில் இருக்கும் பிசின் விட்டுவிடும். அத்தை சீரில் கொண்டுவந்த பாத்திரமாக இருக்கலாம், தூக்கிப் போடச் சொன்னேன் என்று என்மேல் கோபப்படப் போகிறார். நன்றாகக் காயவைத்து அதில் பொட்டுக்கடலை போட்டு, மகன் பள்ளிவிட்டு வந்ததும் கை போகிற இடத்தில் வையுங்கள்.